பிடிப்பவன் கை

நாய்க்கு ஊசி போடுகிறவரைவிட நாயைப் பிடித்துக்கொள்கிறவனுக்குத்தான் கடி அதிகம். மதுரையில் ஒரு தனியார் கால்நடை மருத்துவமனையில் பல ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறேன். மருத்துவர் ஊசியோடு பின்னங்கால் பக்கம் நிற்பார். நான் தலைப்பக்கம் நிற்பேன். பல் இருப்பது தலைப்பக்கம். எங்கள் வேலையின் ஆபத்தைப் பற்றி இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

நாய்க்கடி என்று பேச்சு எடுத்தால் ஊரில் எல்லாரும் தெருநாய்க்குப் போய்விடுகிறார்கள். பேச வேண்டிய விஷயம்தான். ஆனால் நாயை வைத்தே பிழைக்கிற ஒரு கூட்டம் இருக்கிறது: கிளினிக் உதவியாளர்கள், முடி வெட்டிக் குளிப்பாட்டி அனுப்புகிறவர்கள், காப்பகங்களில் கூண்டு கழுவுகிறவர்கள், பயிற்சியாளர்கள், மாநகராட்சி வண்டியில் வலையோடு போகிறவர்கள். என்னைப் போன்றவர்களைக் கடிப்பவை பெரும்பாலும் பெயரும் தடுப்பூசி அட்டையும் உள்ள வீட்டு நாய்கள். அதனால் வீட்டில் நாய் வளர்ப்பவர்களும் இதைப் படிப்பது நல்லது.

“கடிக்காது” என்பதுதான் நாள் முழுக்க எங்கள் காதில் விழும் வார்த்தை. சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவர் வீட்டில், அவர் மடியில் அது கடித்ததே இல்லை. இங்கே அப்படியா? மருந்து வாடை, காலையிலிருந்து வந்துபோன அத்தனை நாய்களின் மூத்திர வாடை, கால் வழுக்கும் எவர்சில்வர் மேசை, முன்பின் தெரியாத ஓர் ஆள் வாலைத் தூக்கித் தெர்மாமீட்டர் செருகுகிறார். மனிதனே கடிப்பான். எனவே கடிக்குமா என்று நான் கேட்பதில்லை. நகம் வெட்டும்போது என்ன செய்யும், சாப்பிடும்போது தட்டை எடுத்தால் என்ன செய்யும், காதைத் தொட விடுமா, போன முறை ஊசி போட்டபோது யார் பிடித்தார்கள் என்று கேட்பேன். கடைசிக் கேள்விக்குத்தான் உண்மை வெளியே வரும். “போன முறை நாலு பேர் பிடித்தார்கள்” என்பார், அதுவரை கடிக்காது கடிக்காது என்று சொல்லிக்கொண்டிருந்த அதே மனிதர்.

ராட்வைலர் உள்ளே வந்தால் அறையே உஷாராகிவிடும். பொமரேனியனோ டாக்ஸ்ஹண்டோ வந்தால் ஒருவர் கன்னத்தைக் கிள்ளுவார், ஒருவர் தூக்கிக் கொஞ்சுவார். கடி அங்கேதான் நடக்கும். பெரிய நாய் கடித்தால் சேதம் பெரிது என்பது உண்மை. ஆனால் எண்ணிக்கையில் என் கைத் தழும்புகள் பெரும்பாலும் சின்ன நாய்களின் கணக்கு. நம் ஊர் ராஜபாளையத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தப் பால் வெள்ளை நிறத்தோடு சில குட்டிகளுக்குப் பிறவிச் செவிட்டுத்தன்மையும் வருகிறது. வளர்க்கிறவருக்கே பல நேரம் அது தெரியாது. “சொன்ன பேச்சு கேட்காது, திமிர் பிடித்தது” என்பார். காது கேட்காத நாயைப் பின்னாலிருந்து தொட்டால் அது திரும்புகிற வேகத்திலேயே கடி விழும். ராஜபாளையம் வந்தால் முதலில் அதன் பார்வைக்குள் போய் நிற்பேன். படுத்திருந்தால் பக்கத்தில் தரையைக் காலால் தட்டுவேன். அதிர்வு தெரிந்து அதுவாகத் திரும்பிப் பார்க்கும். பிறகுதான் கை.

கடிக்கும் முன் நாய் சொல்லாமல் இருப்பதில்லை. ஒரு லாப்ரடாரைச் சொல்கிறேன். காதில் சீழ், நல்ல கோடைகாலம். நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துக்கொண்டு நின்றது. உரிமையாளர் தலையைத் தடவியபடி “பாருங்கள், வாலை ஆட்டுகிறான், ஜாலியாக இருக்கிறான்” என்றார். வால் ஆடியது, ஆனால் இடுப்பு ஆடவில்லை. வால் மட்டும் விறைப்பாக, உயரத் தூக்கியபடி, குறுகிய வீச்சில் ஆடியது. மருத்துவர் காதுப்பக்கம் குனிந்ததும் மூக்கை ஒருமுறை நக்கிக்கொண்டது. சாப்பிட எதுவும் இல்லை. பிறகு ஒரு கொட்டாவி. தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை மட்டும் எங்கள் பக்கம் வைத்தது. கண்ணோரத்தில் வெள்ளை பிறைபோலத் தெரிந்தது. அதற்குப் பிறகு இரைப்பு நின்றது. வாய் மூடிக்கொண்டது. அந்த வெயிலில் இரைத்துக்கொண்டிருந்த நாய் சட்டென்று வாயை மூடி அசையாமல் நிற்கிறது என்றால் முடிவெடுத்துவிட்டது என்று அர்த்தம். “டாக்டர், கையை எடுங்கள்” என்றேன். அவர் எடுத்தார், கை இருந்த இடத்தில் பற்கள் மோதிய சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வலி மருந்தும் லேசான மயக்கமும் கொடுத்துத்தான் காதைச் சுத்தம் செய்தோம்.

இத்தனையையும் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. புதிதாக வரும் பையன்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது பிடிக்கும் முறையை அல்ல, அந்த வாய் மூடும் நொடியை. உறுமலை எல்லாருக்கும் தெரியும். ஆனால் உறுமியதற்காக அடிவாங்கி வளர்ந்த நாய்கள் நிறைய இருக்கின்றன. உறுமினால் அடி என்று கற்றுக்கொண்ட நாய் உறுமுவதை விட்டுவிடுகிறது, கடிப்பதை விடுவதில்லை. வீட்டில் உறுமுகிற நாயை அடிக்காதீர்கள். எதற்காக உறுமியது என்று பாருங்கள், அதை நிறுத்துங்கள். எங்களுக்குப் பெரிய உபகாரம்.

இனி பிடிப்பது. பலசாலி பையன் வேலைக்கு வந்தால் எனக்குக் கொஞ்சம் கவலைதான். இறுக்கிப் பிடிப்பான், இறுக்க இறுக்க நாய் திமிறும், திமிறினால் இன்னும் இறுக்குவான். முதல் ஐந்து நிமிடத்தை வீணாக்கத் தெரிந்தவனே இந்த வேலைக்கு ஆள். பெரிய நாயை மேசைமேல் ஏற்றவே வேண்டாம். தரையில் உட்கார்ந்து வேலையை முடிக்கலாம். மேசைதான் வேண்டுமென்றால் மேலே ஒரு ரப்பர் விரிப்பைப் போடுங்கள். கால் வழுக்காத நாய் பாதி பயத்தை விட்டுவிடும். வேகவைத்த கோழி ஈரல் ஒரு டப்பாவில் எப்போதும் இருக்கும். எங்கள் மருந்துகளிலேயே விலை குறைவானதும் பக்கவிளைவு இல்லாததும் அதுதான். வயிற்றுப்போக்கோடு வந்த நாய்க்கு மட்டும் கொடுப்பதில்லை.

வாய்மூடி போடுவதை அவமானமாக நினைக்கிற உரிமையாளர்கள் இருக்கிறார்கள். “என் பையனுக்கு எதற்கு அது?” என்பார்கள். கட்டுத்துணியில் ஒரு தளர்ந்த முடிச்சுப் போட்டு, வளையத்தை மூக்கின்மேல் மாட்டி இறுக்கி, தாடைக்கு அடியில் ஒருமுறை குறுக்கே கொண்டுபோய், காதுக்குப் பின்னால் உருவினால் அவிழும்படி கட்டினால் மூக்கு நீண்ட எந்த நாய்க்கும் போதும். ஆனால் அப்படிக் கட்டிய நாயால் இரைக்க முடியாது. நாய் உடல் சூட்டை ஆற்றிக்கொள்வதே இரைப்பதால்தான். சில நிமிட வேலைக்கு மட்டும்தான் அது. வாந்தி எடுக்கிற நாய்க்கும் மூச்சுத் திணறுகிற நாய்க்கும் கட்டவே கூடாது. பக் மாதிரி மூக்கில்லாத நாய்க்குக் கட்ட இடமும் இல்லை. துண்டைக் கழுத்தைச் சுற்றி மடித்துப் பிடிப்போம். நேரமாகும் என்றால் கூடைபோல் இருக்கும் வாய்மூடி நல்லது, அதற்குள் நாய் வாய் திறந்து இரைக்கலாம். அதை வீட்டிலேயே பழக்க வேண்டும். கூடைக்குள் பிஸ்கட் போட்டு, அதுவாக மூக்கை நுழைக்கும்வரை தினமும் கொஞ்சம் கொஞ்சமாக. கிளினிக் வாசலில் வைத்து முதல் முறையாக மாட்டினால் மாட்டுகிறவருக்குத்தான் கடி.

உரிமையாளரை வெளியே நிற்கச் சொன்னால் கோபம் வருகிறது. காரணம் இருக்கிறது. ஊசி ஏறும் நேரத்தில் “ஒன்றுமில்லைடா செல்லம்” என்று முகத்தை நாயின் முகத்துக்குக் கொண்டுபோவார். வலியில் திரும்புகிற வாய்க்கு முதலில் அகப்படுவது அந்த முகம். வீட்டில் குழந்தைகளுக்குக் கடி பெரும்பாலும் முகத்தில் விழுவதற்கும் இதே உயரக் கணக்குதான் காரணம்.

ஒரு தீபாவளிக்கு மறுநாள், வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடி வண்டியில் அடிபட்ட சிப்பிப்பாறைக் கலப்பு நாய் ஒன்றைச் சாக்கில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். பின்னங்கால் முறிந்திருந்தது. வலியில் இருக்கிற நாய்க்கு நல்லவன் கெட்டவன் கிடையாது. ஆட்டோவிலிருந்து இறக்கும்போது சாக்கைப் பிடித்திருந்த பையன் பயந்து கையை விட்டான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே என் கையை அது கவ்வியது. கவ்வியபோது கையை உருவக் கூடாது. உருவினால் துளை கிழிசலாகிவிடும். அசையாமல் நின்றேன், ஒருவர் துண்டை அதன் தலைமேல் போட்டார், வாய் தளர்ந்தது.

வெளியே பார்த்தால் இரண்டு சின்னத் துளைகள். கையில் விழும் கடியின் சூழ்ச்சியே அதுதான். பல் உள்ளே தசைநார்வரை போய்விடும், மேலே தோல் மூடிக்கொள்ளும், மறுநாள் கை வீங்கி மடக்க முடியாமல் போகும். ஆகவே கைக்கடி சிறிதாகத் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். கிருமித்தொற்றுக்குத் தனியாக மருந்து தேவைப்படலாம். அதற்குமுன் செய்ய வேண்டியது கழுவுவது. ஓடுகிற தண்ணீரில், சோப்புப் போட்டு, 15 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவினால்தான் 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். இரண்டாவது நிமிடத்திலேயே போதும் என்று தோன்றும். வெறிநோய் (ரேபிஸ்) கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பித்தூள், மண்ணெண்ணெய் எதையும் வைக்க வேண்டாம். அவை புண்ணை எரிச்சலாக்குமே தவிரக் கிருமியை ஒன்றும் செய்யாது. கழுவிய பிறகு போவிடோன் அயோடின் போடலாம். நாயின் பல்லோ நகமோ பட்டு ரத்தம் வராத சிராய்ப்பு, கீறல் என்றால் தடுப்பூசி போதும். தோலைத் துளைத்து ரத்தம் வந்துவிட்டால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற தயாராக உள்ள எதிர்ப்பு மருந்தும் வேண்டும். தடுப்பூசியால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவரை காவல் இருப்பது இம்யூனோகுளோபுலின்தான். அதைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும் போட வேண்டும். வலிக்கும், பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். கடிபட்ட இடத்தைத் தையல் போட்டு மூடுவதையும் கூடுமானவரை தவிர்ப்பார்கள்.

பழைய ஆட்கள் இன்னும் தொப்புளைச் சுற்றி ஊசி என்று மிரட்டுகிறார்கள். அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து. இந்தியாவில் 2004-ஆம் ஆண்டோடு அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. இப்போது தோள்பட்டைத் தசையில் என்றால் 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் (முதல் ஊசி போடும் நாள்தான் 0). தோலுக்குள்ளேயே சிறிய அளவில் என்றால் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். அரசு மருத்துவமனைகளில் இலவசம். கடித்த நாயை 10 நாள் கண்காணிப்பது சரிதான், ஆனால் அந்த 10 நாள் முடியட்டும் என்று முதல் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

இந்த வேலையில் உண்மையான பயம் கடிக்காத நாயிடம் வந்தது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி தன் தோட்டத்து நாயைக் கொண்டுவந்தார். “தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது, இரண்டு நாளாக எதையும் விழுங்க மாட்டேன் என்கிறது.” நாய் சாதுவாக நின்றது. கீழ்த்தாடை தொங்கியது, கயிறுபோல் எச்சில் வழிந்தது, குரைக்க முயன்றபோது குரல் வேறாக, கரகரப்பாக வந்தது. கூட வந்த அவர் மனைவி, தானே கையை விட்டுத் தேடிப் பார்த்ததாகவும் எலும்பு அகப்படவில்லை என்றும் சொன்னார். அந்தக் கையைப் பார்த்தேன். வெண்டைக்காய் பறித்த கை, விரல்களெல்லாம் கீறல்.

மருத்துவர் வாய்க்குள் எட்டிப் பார்க்கவில்லை. எல்லாரையும் பின்னால் போகச் சொல்லிவிட்டு, சமீபத்தில் வேறு நாயோடு சண்டை போட்டதா என்று மட்டும் கேட்டார். போன மாதம் ஒரு தெருநாய் கடித்ததாம். தடுப்பூசி போட்டதில்லை. நாயைத் தனிக் கூண்டில் வைத்தோம். ஓரிரு நாளில் இறந்துவிட்டது. மூளை மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பியதில் வெறிநோய் உறுதியானது. அதற்குள் வீட்டில் எச்சில் பட்ட அத்தனை பேருக்கும் தடுப்பூசி தொடங்கியிருந்தது. அந்த அம்மாவுக்கு விரல் கீறல்களில் இம்யூனோகுளோபுலினும் போட்டார்கள். கடி இல்லைதான், ஏற்கெனவே இருக்கும் கீறலில் எச்சில் பட்டால் ரத்தக் கடிக்குச் சமமாகத்தான் கணக்கு.

வெறிநாய் என்றால் நுரை தள்ளிக்கொண்டு துரத்தும் என்றுதான் நம் மனதில் இருக்கிறது. அப்படி வருவதும் உண்டு. ஆனால் வாதம் வந்ததுபோல் தாடை தொங்கி அமைதியாகக் கிடக்கும் வகையும் உண்டு, எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் அதிக ஆபத்து, பரிதாபப்பட்டுக் கையை விடுவோம். தண்ணீரைக் காட்டிச் சோதிக்கிற பழக்கமும் ஊரில் இருக்கிறது. தண்ணீரைக் கண்டால் பயப்படுவது நோய் வந்த மனிதன், நாய் அல்ல. நோய் முற்றிய நாய்கூடத் தண்ணீரில் வாய் வைக்கும். தாடை தொங்கி எச்சில் வழிகிற நாயின் வாய்க்குள், மாட்டின் வாய்க்குள்ளும்தான், எலும்பு சிக்கியது மாங்கொட்டை சிக்கியது என்று யாரும் கையை விடாதீர்கள்.

மாநகராட்சி வண்டியில் நாய் பிடிக்கப் போகும் அண்ணன் ஒருவர் எனக்குப் பழக்கம். ஒப்பந்த வேலை. வலை வீசும்போது கடி விழாது என்பார். வலைக்குள் இருக்கும் நாயைக் கூண்டுக்கு மாற்றுகிற அந்தச் சில நொடியில்தான் விழும். தடித்த தோல் கையுறை கொடுத்தாலும் எல்லாரும் போடுவதில்லை. அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டேன்; தடித்த கையுறையில் விரலுக்கு உணர்ச்சி இருக்காது, தெரியாமல் அதிகமாக நசுக்குவோம், நாய் வெறித்தனமாகத் திமிறும். தெருவில் ஒரு தரப்பு “ஏன் பிடிக்கிறாய்?” என்று வண்டியை மறிக்கிறது. கருத்தடை செய்து, காதில் அடையாளம் வெட்டி, பிடித்த இடத்திலேயே திரும்ப விடும்போது இன்னொரு தரப்பு “ஏன் கொண்டுவந்தாய்?” என்று மறிக்கிறது. 2001-இலும் 2023-இலும் வந்த கருத்தடை விதிகள், 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் போட்டு அதே மாதத்தில் மாற்றிய உத்தரவு, எல்லாவற்றையும் வைத்துத் தொலைக்காட்சியில் மணிக்கணக்கில் விவாதித்தார்கள். நான் பார்த்தவரை அந்த வலையைப் பிடிக்கிற கைக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கடிபட்டால் ஊசிக்குப் போகிற ஒவ்வொரு நாளும் அவருக்குக் கூலி போகும். அதனால்தான் மூன்றாவது ஊசிக்குப் பிறகு பலர் நின்றுவிடுகிறார்கள்.

கடிபடும்முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசி இதற்குத்தான் இருக்கிறது. 0, 7, 21 ஆகிய நாட்களில் மூன்று ஊசி. மூன்றாவதை 28-ஆம் நாளிலும் போடலாம். போட்டுக்கொண்டவரைப் பிறகு நாய் கடித்தால், கழுவிவிட்டு 0, 3 ஆகிய நாட்களில் இரண்டே ஊசி, இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. வேலையில் நீடிக்கிறவர்களை அவ்வப்போது ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி அளவைப் பார்க்கச் சொல்வார்கள், மில்லிலிட்டருக்கு 0.5 யூனிட்டுக்குக் கீழே இறங்கினால் ஓர் ஊக்க ஊசி. நாய் விடுதியோ கிளினிக்கோ நடத்துகிறவர்கள், நாய் குளிப்பாட்டும் கடை வைத்திருக்கிறவர்கள், ஆளை வேலைக்கு எடுக்கும்போதே முதல் ஊசியைப் போட்டு, அந்தச் செலவைத் தாங்களே ஏற்க வேண்டும். ஆள் நிற்பானோ மாட்டானோ என்று யோசித்துத் தள்ளிப்போடுகிறார்கள். புதிய ஆள்தான் முதல் மாதத்தில் கடிபடுகிறவன்.

சிப்பிப்பாறைக் கலப்பு என்னைக் கடித்த அன்று நான் போன இடத்தில் முதலில் டிடி (டெட்டனஸ், டிப்தீரியா) ஊசி மட்டும் போட்டு அனுப்பப் பார்த்தார்கள். பிறகு ஐந்து ஊசிக்கும் சீட்டு எழுதினார்கள். நான் ஏற்கெனவே போட்டவன் என்று சொன்னேன். அத்தாட்சி கேட்டார்கள், அது நியாயம்தான். சீட்டு இல்லாதவரைப் போடாதவராகத்தான் வைத்துக்கொள்வார்கள். பர்ஸிலிருந்த அட்டையைக் காட்டியதும் மருத்துவர் தேதிகளைப் பார்த்துவிட்டு இரண்டாகக் குறைத்தார். அட்டை வியர்வையில் நனைந்து மை கலைய ஆரம்பித்திருந்தது. அதனால் இப்போது எங்கள் கிளினிக்கில் எல்லாருடைய அட்டையையும் படமெடுத்து அவரவர் போனிலும், மேசை டிராயரில் இருக்கும் ஒரு நோட்டிலும் வைத்திருக்கிறோம். பெயர், ஊசியின் பெயர், தேதி, போட்ட இடம், அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது. ஒரு பக்கத்தில் அடங்கிவிடுகிறது.